ரூட்டரை மாற்றும் முன்: அறிகுறி பார்த்துப் பழுது காணும் வழிமுறை

"இந்த ரூட்டர் செத்துவிட்டது அண்ணாச்சி, புதிதாக ஒன்று கொடுங்கள்" என்று வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ரூட்டர் மட்டும்தான் இருக்கும். அதன் அடாப்டர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பழுது இருப்பதோ அந்த அடாப்டரில். பாளையங்கோட்டையிலிருந்து வண்ணார்பேட்டைக்கு ஒரு தடவை வீணாக வந்து போவதில் பெரிய நஷ்டமில்லை. களக்காட்டிலிருந்தோ உவரியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவருக்கு அரை நாள் போய்விடுகிறது.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ரூட்டரும் கம்ப்யூட்டரும் தகராறு செய்வதற்கான காரணங்கள் பெட்டிக்கு வெளியேதான் அதிகம். குறைந்த மின்னழுத்தம், இடி, ஆடிக் காற்று, எர்த் இல்லாத பிளக், நீளமான பழைய வீடு எல்லாம் அதில் சேர்த்தி. ஆகவே உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, அதற்குரிய பகுதிக்கு நேரே போய்விடுங்கள். செலவில்லாத சோதனையை முன்னால் வைத்திருக்கிறேன். காசு கேட்கிற சோதனை பின்னால் வரும்.

எந்த அறிகுறியானாலும் ஒரு காரியத்தை முதலில் செய்யுங்கள். நெட் நின்றதும் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவது எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. அதற்கு முன்னால் பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது, எது சிவப்பு என்று பார்த்துச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். பிறகு எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் ஊகிக்கத்தான் முடியும்.

பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிகிறது

பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். இரவு எட்டு மணிக்கு மேல் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து, திரும்ப எரிந்து, இணைப்பு வர இரண்டு மூன்று நிமிடமாகும். சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை. இந்தப் புகாரோடு வருகிறவர்கள் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தையும் தெருவில் புதிதாக இணைப்பு வாங்கியவர்களையும் திட்டி முடித்துவிட்டுத்தான் வருவார்கள். சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை.

இரவில் வீட்டிலுள்ள போன்கள், டிவி, லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை வாங்கும்போது ரூட்டர் இழுக்கும் மின்சாரம் கூடுகிறது. அடாப்டருக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் சில கோடைகளைக் கடந்த பிறகு சூட்டில் வற்றிப்போகும். சும்மா இருக்கும்போது 12 வோல்ட் கொடுக்கும் அடாப்டர், வேலை கூடியதும் 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ரூட்டர் மயங்கி விழுந்து எழுந்திருக்கிறது. மல்டிமீட்டர் வைத்து அளந்து "12 காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. ரூட்டரில் செருகாமல் அளந்தால் கெட்ட அடாப்டரும் 12 காட்டும்.

அடாப்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மிதமான சூடு இயல்பு. தொட முடியாத சூடு, காதருகே வைத்தால் கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி, பிளாஸ்டிக் பழுப்பேறியிருப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அதை ஓய்வெடுக்க விடலாம். பிறகு ரூட்டரில் செருகும் முனைக்கு அரை அங்குலம் முன்னால் ஒயரைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் வளையுங்கள். விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே செம்புக்கம்பி அறுந்திருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீடுகளிலும், ரூட்டரை ஆணியில் தொங்கவிட்ட வீடுகளிலும் இது சாதாரணம்.

மாற்று அடாப்டர் வாங்கும்போது பழையதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும்: 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கிற பெட்டிக்கு அரை ஆம்பியர் அடாப்டர் மாட்டுவது நெல்லையப்பர் தேரை நாலு பேர் இழுக்கப் பார்ப்பது போல. வீட்டில் சும்மா கிடந்த செட்டாப் பாக்ஸ் அடாப்டரையோ கண்காணிப்புக் கேமரா அடாப்டரையோ "முனை பொருந்துகிறதே" என்று மாட்டிவிடுகிறார்கள். முனை பொருந்துவதற்கும் மின்னழுத்தம் பொருந்துவதற்கும் சம்பந்தமே இல்லை. 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் போனால் சில பெட்டிகள் தாங்கும். சில பெட்டிகளில் அன்றோடு முடிந்தது.

அடாப்டரை மாற்றியும் அணைகிறது என்றால் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிவி அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸ் மேல் ரூட்டரை வைத்து, அதன்மேல் அழகுக்கு ஒரு பின்னல் துணியும் போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அந்த அலமாரிக்குள் என்ன சூடு இருக்கும்! வெளியே எடுத்துவைத்து ஒரு நாள் ஓடவிட்டாலே விடை தெரிந்துவிடும்.

கரண்ட் போய் வந்தால் எல்லாம் குழம்புகிறது

இது இரண்டு வேறு புகார். ஒன்று, இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகிற கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப எழுகிறது. மற்றொன்று, ரூட்டர் எரிகிறது ஆனால் நெட் இல்லை.

முதல் புகாருக்கு விடை பெரும்பாலும் இன்வெர்ட்டரின் பின்பக்கத்திலோ முன்பக்கத்திலோ இருக்கிற ஒரு சின்ன சுவிட்சில் இருக்கிறது. ஒரு பக்கம் யுபிஎஸ் என்றும், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ என்றும் எழுதியிருக்கும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, மின்சாரம் நின்ற பிறகு தன்னிடம் தேங்கியதை வைத்துச் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். யுபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். நார்மல் நிலையில் அதற்கு மேல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஃபேனும் லைட்டும் அதைக் கவனிப்பதில்லை, கம்ப்யூட்டர் கவனித்துவிடுகிறது. இன்வெர்ட்டரைப் பொருத்தியவர் சுவிட்சை நார்மலில் விட்டுப் போயிருப்பார். தள்ளிவிட்டுப் பாருங்கள்.

ஆனால் கிராமத்தில் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. யுபிஎஸ் நிலையில் இருக்கும் இன்வெர்ட்டர், வரும் மின்சாரம் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே "இது சரிப்படாது" என்று பேட்டரிக்குத் தாவிவிடும். நாங்குநேரி, ஏர்வாடி, களக்காடு பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச எல்லாத் தோட்டத்திலும் மோட்டார் ஓடும் நேரத்தில் சில தெருக்களில் 170 வோல்ட் கூட நிற்காது. பணகுடி, ராதாபுரம் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை சுற்றிக்கொண்டிருக்க, அதன் கீழேயே இந்த நிலைமை. அப்படிப்பட்ட வீட்டில் கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரியைத் தின்று தீர்த்துவிட்டு, நிஜமாகவே கரண்ட் போகும்போது கையை விரித்துவிடும். அங்கே இன்வெர்ட்டரை நார்மலில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய யுபிஎஸ் வாங்குவதுதான் சரி. கடையில் 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ் சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்குப் போதும். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். யுபிஎஸ் கீச்சிட்டுவிட்டு உடனே அணைந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். புது யுபிஎஸ் வேண்டாம். அந்த யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் எல்லாம் சேர்ந்து விழும்.

இரண்டாவது புகார் எளிது. ஃபைபர் இணைப்பில் பல வீடுகளில் இரண்டு பெட்டி இருக்கும்: கண்ணாடி இழை வந்து சேரும் மோடம் ஒன்று, வைஃபை கொடுக்கும் ரூட்டர் ஒன்று. ரூட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வாங்கி மாட்டிவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். மினி யுபிஎஸ் வாங்குமுன் இரண்டு அடாப்டரின் ஆம்பியரையும் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் கொடுக்கக்கூடியதை வாங்குங்கள். இரண்டும் 12 வோல்ட்டாக இல்லாமல் ஒன்று 12, ஒன்று 9 என்றிருந்தால் அதையும் கடையில் சொல்லிவிடுங்கள்.

மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது

எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் இழை வழியாக ஒளி வரவில்லை என்று பொருள். ரூட்டரை ரீசெட் செய்வதாலோ பாஸ்வேர்டை மாற்றுவதாலோ ஒன்றும் ஆகாது. ரீசெட் துளையில் ஊக்கு நுழைத்து எல்லா அமைப்பையும் அழித்துவிட்டு, இழை சரியான பிறகும் நெட் வராமல் தவிக்கிறவர்கள் அதிகம். அந்தத் துளையை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் மெல்லிய இழை எங்காவது மடங்கியிருக்கிறதா, பீரோவின் காலுக்கடியில் சிக்கியிருக்கிறதா, பெருக்கும்போது இழுபட்டதா என்று. கண்ணாடி இழையைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். சுற்றி வைக்க வேண்டுமானால் ஒரு சாசர் அளவுக்குக் குறையாத வளையமாகச் சுற்றுங்கள். பச்சை நிற முனையைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். துடைத்தால் அழுக்கு கூடும். முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே எட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதல்ல.

மடிப்பு எதுவும் இல்லையென்றால் பழுது வெளியே. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று தென்காசி, ஆலங்குளம் வட்டாரத்தைப் படுத்துகிற பாட்டில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் நாள் முழுக்க ஆடும். தென்னை மட்டை விழும். அணில் கடிக்கும். டவுன் ரத வீதிகளில் ஆனித் தேருக்காகக் குறுக்கு ஒயர்களை அவிழ்த்துக் கட்டினால் மறுநாள் சில வீடுகளில் இந்த விளக்கு எரியும். ஆகவே புகார் சொல்லும்போது "நெட் வரவில்லை" என்று சொல்லாமல் "எல்ஓஎஸ் சிவப்பு மின்னுகிறது" என்று சொல்லுங்கள். போனில் இருப்பவர் "ரீஸ்டார்ட் செய்தீர்களா?" என்ற பாடத்தை விட்டுவிட்டு நேரே ஆளை அனுப்புவார்.

விளக்கு சிவப்பாகவும் இல்லை, ஆனால் அடிக்கடி விட்டு விட்டு வருகிறது என்றால் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவைப் பாருங்கள். பல மோடங்களில் அது 192.168.1.1 என்ற முகவரியில் திறக்கும். டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு ஒரு எண் இருக்கும். −15 முதல் −25 வரை இருந்தால் கவலையில்லை. −27, −28 என்று இருந்தால் விளிம்பில் நிற்கிறது. மழை நனைத்த இணைப்பு ஒன்று வழியில் எங்கோ இருக்கலாம். இந்த எண்ணையும் புகாரில் சொல்லுங்கள். வருகிற தம்பி உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

பட்டாசலில் வருகிறது, அடுக்களையில் வரவில்லை

டவுனில் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடு ஒன்றில் ஆச்சி சொன்னது: "தம்பி, பட்டாசலில் இருந்தால் பேரன் முகம் தெளிவாகத் தெரிகிறது. பேசிக்கொண்டே அடுக்களைக்குப் போனால் வாயைத் திறந்தபடியே நின்றுவிடுகிறான்." நோய்க்குறியை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது.

இந்த வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. தார்சா (முன் தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றரை அடி, இரண்டு அடி சுண்ணாம்புக் காரைச் சுவர். ஃபைபர்க்காரர் வாசலோடு வேலையை முடித்துக்கொண்டு ரூட்டரைத் தார்சாவில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். அலை பாதி தெருவுக்குப் போகிறது. திண்ணையில் உட்காரும் பையன்களுக்கு நல்ல நெட். மீதி, மூன்று சுவரைத் துளைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போக வேண்டும்.

ரூட்டர் இரண்டு அலைவரிசையில் பேசுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, சுவரை ஓரளவு தாண்டும். போனில் இரண்டு பெயர் தெரிந்தால் பின்கட்டில் 2.4-ஐப் பிடியுங்கள். அதற்கே ஆச்சியின் பேரன் அசைய ஆரம்பித்துவிடக்கூடும்.

அடுத்தது இடமாற்றம். ரூட்டர் வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, ஃபிரிட்ஜ் கூடாது. இரும்பு அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். ஆன்டெனாவைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் அடுக்களையை நோக்கி நீட்டிவைக்கிறார்கள்; அது தவறு. அலை ஆன்டெனாவின் நுனியிலிருந்து பாய்வதில்லை, அதன் பக்கவாட்டில் சுற்றிலும் பரவுகிறது. ஒரே தளத்து வீட்டில் நேராக நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் வேண்டுமானால் ஒன்றை மட்டும் படுக்கவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டவில்லையென்றால்தான் செலவு. ரிப்பீட்டர் எனும் சின்னப் பெட்டியை வாங்கி, நெட் வராத அடுக்களையிலேயே செருகிவிட்டு "இதுவும் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அது கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும்; கேட்காத இடத்தில் வைத்தால் எதைச் சொல்லும்? பாதி வழியில், அலை இன்னும் நன்றாக வரும் இரண்டாங்கட்டில் செருக வேண்டும். அப்படிச் செருகினாலும், ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும்.

என்னைக் கேட்டால், இந்த வீடுகளுக்கு ரிப்பீட்டரே வேண்டாம். உத்தரத்தை ஒட்டி ஒரு லேன் கேபிள் இழுத்து, பரணில் கிடக்கும் பழைய ரூட்டரைப் பின்கட்டில் வையுங்கள். கேபிளின் விலை ரிப்பீட்டரை விடக் குறைவுதான். செய்முறை இதுதான்: பழைய ரூட்டரைக் கம்ப்யூட்டரில் தனியாக இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். அதன் முகவரியை 192.168.1.1-லிருந்து 192.168.1.2 என்று மாற்றுங்கள். முன் ரூட்டரின் முகவரி 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2 என்று வையுங்கள். டிஹெச்சிபி என்பதை, அதாவது போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன் ரூட்டரில் உள்ளதே போதும். போன் தானாக மாறிக்கொள்ளும். பிறகு வருகிற கேபிளை இதன் லேன் துளையில் செருகுங்கள், நிறம் மாறித் தனியாக இருக்கும், வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் அல்ல. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்க ஆரம்பித்து, சில போனில் நெட் வரும், சிலவற்றில் வராது என்ற புதிய தலைவலி முளைக்கும்.

பெருமாள்புரம், மகாராஜநகர் அடுக்குமாடிகளில் பிரச்சினை வேறு. சுவர் மெல்லியது, ஆனால் பக்கத்து வீட்டு ரூட்டர்கள் எல்லாம் காதில் கத்துகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசையின் உட்பிரிவுகள், 1, 6, 11 மட்டுமே. செல்போனில் இலவச வைஃபை அளவி ஒன்றைப் போட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்த சேனலை நிலையாக வையுங்கள். அல்லது எல்லாப் போனையும் 5-க்கு மாற்றிவிடுங்கள்.

100 என்று சொன்னார்கள், 94-க்கு மேல் ஏறவில்லை

ஏறாது. 150, 200 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியும் எப்போது அளந்தாலும் 92, 94 என்று ஒரே இடத்தில் நின்றால், நடுவில் எங்கோ 100 எம்பிபிஎஸ் துளை ஒன்று இருக்கிறது. மலிவு ரூட்டர்களில் லேன், வேன் துளைகள் அந்த வகைதான்; பெட்டியின் அட்டையில் வைஃபை வேகத்தை 300, 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுத் துளையின் வேகத்தைப் பொடி எழுத்தில் போடுவார்கள். துளை கிகாபிட் வகையாக இருந்தும் 94 வந்தால் கேபிளைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பி. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும்.

போனில் அளந்த வேகத்தை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். லேப்டாப்பை கேபிளில் இணைத்து அளந்த எண்தான் பேசும். டவுன்லோடு செய்யும்போது 12 என்று தெரிகிறதே என்று பதறவும் வேண்டாம். அது மெகாபைட், திட்டத்தின் எண் மெகாபிட்; எட்டால் பெருக்குங்கள்.

வைஃபை முழுதாக இருக்கிறது, பக்கம் திறக்கவில்லை

எந்தப் போனிலும் வரவில்லையா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கருவியில் வைஃபை பெயரை மறக்கச் செய்து திரும்பச் சேருங்கள். கம்ப்யூட்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. வாட்ஸ்அப் வருகிறது, இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

ரூட்டரைச் சந்தேகிக்க வைக்கிற கம்ப்யூட்டர்ப் பழுது ஒன்று இங்கே உண்டு. வங்கிப் பக்கம், மின்னஞ்சல் எல்லாம் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று மறுக்கும். போனில் அதே வைஃபையில் எல்லாம் திறக்கும். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தால், மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. கடிகாரக் கடையிலேயே அந்தப் பேட்டரி கிடைக்கும்.

இடிக்குப் பிறகு கேபிளில் நெட் வரவில்லை

சித்திரை, வைகாசியில் பாபநாசம், அம்பாசமுத்திரம், கடையம் என்று மலையடிவாரம் முழுக்க மாலை இடி; பிறகு ஐப்பசி, கார்த்திகை. மறுநாள் வரும் பெட்டிகளில் ஒரு பொதுத்தன்மை இருக்கும்: விளக்கு எரியும், வைஃபை வரும், கேபிள் செருகும் துளை மட்டும் செத்திருக்கும். சில நேரம் கம்ப்யூட்டரின் லேன் துளையும் கூடவே போயிருக்கும். மின்னல் வீட்டில் விழ வேண்டியதே இல்லை. மாடியில், கம்பத்தில் நீளமாகப் போகும் செம்புக் கேபிளில் தூண்டப்படும் மின்னோட்டமே போதும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்று ஃபைபர் வைத்திருப்பவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். இழையைத் தாங்குவதற்காகக் கூடவே ஓடும் இரும்புக் கம்பி கடத்தும்.

கேபிளைச் செருகினால் துளையின் பக்கத்திலுள்ள விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வேறு துளையில், வேறு கேபிளில் மாற்றிப் பாருங்கள். நான்கில் ஒரு லேன் துளை மட்டும் போயிருந்தால் அதில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். கம்ப்யூட்டரின் துளை போயிருந்தால் மதர்போர்டை மாற்றச் சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் சில நூறு ரூபாய்தான்.

ஸ்பைக் பஸ்டர் இடியைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். மேற்கே கறுத்தால் மின் பிளக்கையும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு கேபிளை விட்டுவைப்பதால்தான் பாதிப் பெட்டிகள் போகின்றன.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் சந்திப்பு, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை வீடுகளில் நனைந்த கம்ப்யூட்டர்களை "காய்ந்துவிட்டதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தாமிரபரணி வண்டல் காய்ந்த பிறகும் பலகையில் ஒட்டியிருக்கும், ஈரத்தை இழுத்து மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த எதையும் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். படங்களும் பத்திரங்களும் இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

தொட்டால் சுர்ரென்கிறது

கம்ப்யூட்டர் கேபினெட்டில் கை பட்டால் மெல்லிய அதிர்ச்சி, செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் சிறு கசிவை எர்த்துக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டவை. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு கேபினெட்டிலேயே தங்கி, சுமார் 115 வோல்ட் காட்டும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு நிஜமான கசிவு ஏற்பட்டால் அது போவதற்கும் வழியில்லை என்பதுதான் இதன் பொருள். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு துளைப் பிளக்கில் செருகியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே காட்டும் எண்ணுக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் எர்த் குழி காய்ந்திருக்கலாம். கோடையில் அதற்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு இருந்தது.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, திரை கறுப்பு

மானிட்டர் கேபிள், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் செருகியிருக்கிறதா, மதர்போர்டிலா என்று பாருங்கள். வீடு வெள்ளையடித்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டியவர்களின் பழுது இதுதான். பீப் பீப் என்று விட்டு விட்டு ஒலித்தால் பெரும்பாலும் ரேம் எனும் நினைவகப் பலகைதான். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் டக்கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். கடலோர ஊர்களில், உவரி, கூடங்குளம், இடிந்தகரை பக்கம், உப்புக் காற்றால் இது அடிக்கடி வரும்.

கருகிய வாடை வந்தால் பவர் சப்ளைக்குள் பல்லி செத்திருக்கலாம். அதைத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று தட்டினால் சோதனை, ஸ்கேன் எதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, முக்கியமானது இருந்தால் தகவல் மீட்கும் நிபுணரிடம் கொடுங்கள்.

கடைக்காரர் வாரண்டி இல்லை என்கிறார்

இடியில் எரிந்தது, நனைந்தது, வேறு அடாப்டர் மாட்டியது ஆகியவற்றுக்கு வாரண்டி கிடையாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. மற்றவற்றுக்கு உண்டு. முதலில் பெட்டியின் அடியிலுள்ள வரிசை எண்ணையும் பில்லையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட பில் சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். நெட் இணைப்பைப் பற்றிய புகார் என்றால் ஒவ்வொரு முறையும் புகார் எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். எண் இல்லாத புகாரை யாரும் பெற்றுக்கொண்டதாகக் காட்ட முடியாது. பேச்சு எடுபடாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவும் பலிக்காவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.